காலையில் 128, மாலையில் 184

அந்த யோசனை வந்தது ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில். வேளச்சேரி அறையில் தயிர்சாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தங்கவேலின் இதயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஓட்டம்: மலையேற்றம், எட்டு கிலோமீட்டர், சராசரித் துடிப்பு 128. அதே நாள் மாலை ஓட்டம்: சமதளம், நான்கே கிலோமீட்டர், 184. காலையில் கடைக்குப் போகிறவர் மாதிரி மலை ஏறிவிட்டு, மாலையில் தார் ரோட்டில் நெஞ்சு வெடிக்க ஓடியிருக்கிறார். பின்னால் தள்ளிப் பார்த்தேன். புதன், செவ்வாய், திங்கள், எல்லா நாளும் இதே கதை.

இந்த ஆள் ஒரு நாள் ரோட்டோரத்தில் விழப்போகிறார் என்று தோன்றியது. அவரை ஓடச் சொன்னது நான்தானே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மிச்சச் சோற்றைக் கொட்டினேன். நேரில் போய் அவர் ஓடுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தட்டைக் கழுவுவதற்குள் முடிவாகிவிட்டது.

நான் மலைப்பாதை ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர். "ஆளுக்கேற்ற பயிற்சி" என்று என் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். ஒன்பது பேர் என்னிடம் பயில்கிறார்கள், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்வேன். அவர்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அன்றாட ஓட்டத்தைச் செயலிக்கு அனுப்பும். சொன்னபடி ஓடினால் அந்த நாளின் கட்டம் பச்சையாகும், தவறினால் சிவப்பாகும். எண்களைப் பார்த்து அடுத்த வாரத் திட்டத்தை ஆளுக்கு ஆள் மாற்றி எழுதுவேன். என் சொந்த மலை அனுபவம்? சென்னையில் மேம்பாலம்தான் மலை. வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடச் சரிவில் காவலாளி துரத்தும்வரை ஏறி இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் படிகள். சான்றிதழ் மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

தங்கவேலுக்கு நாற்பத்தொரு வயது. தீர்த்தமலைக்குப் பக்கத்தில் ஊர். சேர்வராயன் மலையில் நடக்கும் முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார், அதற்கு மூன்று வாரம்தான் பாக்கி. அவருடைய காலை எண்களைப் பார்த்து மயங்கி, மாலைப் பயிற்சியை வாராவாரம் ஏற்றிக்கொண்டே போயிருந்தேன். மாலை எண்கள் எகிறுவதற்கு வெயில், தூக்கமின்மை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போனில் கூப்பிட்டு, "நேர்ல வந்து உங்க ஓட்டத்தைப் பார்க்கணும்" என்றேன்.

"வாங்க கோச்சு, தாராளமா வாங்க" என்றவர், குரலைத் தணித்து, "காலை ஓட்டத்தையா, சாயங்கால ஓட்டத்தையாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அப்போது எனக்கு ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை மொரப்பூரில் இறங்கியபோது, வெயில் சென்னை வெயில்தான், ஆனால் வியர்வை ஒட்டவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற ஒரே பேருந்தில், நடத்துநர் "அரூர், அரூர்" என்று கத்தியதை நம்பி ஏறினேன். அரூருக்குத்தான் போனது, வழியில் இருந்த எல்லாக் கொல்லைமேட்டையும் விசாரித்துவிட்டு. ஓரிடத்தில் ஓட்டுநர் இறங்கிப்போய் யாருக்கோ மருந்துப் பை கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதற்குள் மூன்று பேர் வீடியோ எடுத்திருப்பார்கள்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் என் காலணியைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் புண்ணியத்தில் எனக்குத் தெலுங்கு புரியும்.

"போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறா போல. ஷூவைப் பாரு."

"இந்த உயரத்துக்கு எடுக்க மாட்டாங்களே, பாவம்."

"யாராவது முன்னாடியே சொல்லக் கூடாதா? வீணா அலையறா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் மரவள்ளிக் காடு, நடுநடுவே புளியமரங்கள், தூரத்தில் மலைகள். திரையில் கோடுகளாகப் பார்த்த மலைகள். கோட்டில் இருந்தபோது இவ்வளவு செங்குத்தாகத் தெரியவில்லை. இந்தச் சரிவில்தான் "இறக்கத்தில் வேகத்தை விடாதீர்கள்" என்று எழுதினேனா?

தங்கவேல் மொபெட்டோடு நிறுத்தத்தில் காத்திருந்தார். கனத்த உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. "கோச்சுங்களா? போட்டோவுல ஒசரமா இருந்தீங்களே" என்றார். ஒரே நாளில் இரண்டாவது தடவை. அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன். 128 துடிப்பில் மலை ஏறும் மனிதரின் நடை மாதிரி இல்லை. என் பையைத் தூக்கி வண்டியில் வைத்தபின் ஒரு நிமிடம் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. கேஸ் ட்ரபுளு."

வீட்டில் அவர் மனைவி கோமதி களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னியும் கீரைக் கடைசலும் வைத்திருந்தார். சன்னமான உடம்பு, படபடவென்று வேலை. முதல் உருண்டையை நான் மெல்ல ஆரம்பித்ததும், "அய்யோ, மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்" என்று சிரித்தார். முழுங்கினேன். சூடான கல் போல உள்ளே போனது, அப்புறம் நாள் முழுக்கப் பசிக்கவில்லை. நடுவில் சாதாரணமாகக் கேட்பதுபோல, "காலையில எப்படி அவ்வளவு லேசா ஏறுறீங்க?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காத்து குளுகுளுன்னு வீசும்ங்க" என்றார் தங்கவேல்.

"ஆமாங்க, நல்லா வீசும்" என்றார் கோமதி, அடுப்பைப் பார்த்தபடி.

மறுநாள் காலை தன்னோடு வரவேண்டாம், பயணக் களைப்பு தீரத் தூங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகலாம் என்று தங்கவேல் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார். நான் தூங்கவும் செய்தேன். எழுந்தபோது ஐந்தே முக்கால். வீட்டில் யாரும் இல்லை. செயலியைத் திறந்தேன். நேரலையில் ஒரு நீலப் புள்ளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது, துடிப்பு 126. "சிங்கம்" என்று சொல்லிக்கொண்டு டீ தேடி வெளியே வந்தேன்.

டீக்கடைக்கு எதிரில் பால் சொசைட்டி. பால் ஊற்ற வந்த பெண்கள் தூக்குகளோடு வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாலில் லாக்டோமீட்டரை விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். தங்கவேல்.

கையில் கடிகாரம் இல்லை.

என் போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தங்கவேலின் எண்ணைக் கூப்பிட்டேன். எனக்கு எதிரில் நின்ற தங்கவேல் அசையவில்லை. போனை எடுத்தது மலை மேலிருந்து ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு: "ஹலோ... யாருங்க... கோச்சுங்களா?" அப்புறம், "அய்யய்யோ."

வரிசையில் முதலில் நின்ற பெண் என்னையும் தங்கவேலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா செகரட்டரி, இந்தப் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலியா?" என்றார். என் பக்கம் திரும்பி, "காலையில இந்த ஆளு எங்கம்மா ஓடும்? பாலு யாரு அளக்கறது? வூட்டுக்காரம்மாதான் ஓடுது. ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரிந்தது பயிற்சியாளருக்குத் தெரியவில்லை. அவர் உறங்கும் நேரம், காலணி அளவு, எட்டாம் வகுப்பில் முறிந்த விரல் எல்லாம் என் படிவத்தில் இருக்கிறது. எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்று நான் கேட்கவே இல்லை. "உட்கார்ந்த வேலையா, உடல் உழைப்பா" என்ற இடத்தில் "உட்கார்ந்த வேலை" என்று எழுதியிருந்தார். என் கண் முன்னால் நாற்பது லிட்டர் கேனை இரண்டு கையாலும் தூக்கிப் பால் வண்டியில் ஏற்றினார்.

கூட்டம் கலைந்ததும் சொசைட்டிக்குள் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முதல் வாரம் காலை ஓட்டத்துக்கு நேரமில்லாமல் கட்டம் சிவப்பாகியிருக்கிறது. எனக்குச் சொல்ல வெட்கம். கோமதி ஒரு நாள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, போனையும் இடுப்பில் சொருகிக்கொண்டு போய் ஓடி, கட்டத்தைப் பச்சையாக்கிவிட்டு வந்தார். நான் உடனே "அருமை!" என்று செய்தி அனுப்பினேன். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இரண்டு இதயங்களை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் போட்டு, இல்லாத ஒரு மனிதனுக்குத் திட்டம் எழுதியிருக்கிறேன். கோமதியின் பலத்தைப் பார்த்துத் தங்கவேலின் சுமையை ஏற்றியிருக்கிறேன். 184 மட்டும்தான் அவருடையது.

"ஓடும்போது உடம்புக்கு எப்படி இருக்கும்? மறைக்காமச் சொல்லுங்க."

"வேகமா ஓடுறப்ப நெஞ்சு மேல ஒரு கல்லு வச்சாப்ல இருக்குங்க. இடது தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். நின்னா போயிரும்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். நீங்க வாரத்துக்கு வாரம் ஏத்துனீங்க, அதனால அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அரூர் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்பவேண்டும் என்றேன். ஆட்டோவை அழைத்தால் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பேருந்து போய்விட்டது. கோமதி மலையிலிருந்து இறங்கி வரக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, பின்னாலேயே அடுத்த பேருந்தில் வரச் சொல்லிவிட்டோம். தங்கவேல் மொபெட்டை எடுத்து, "ஏறுங்க" என்றார். ஓட்டும்போது இவர் மயங்கினால்? "நீங்க பின்னாடி உட்காருங்க, நான் ஓட்டுறேன்" என்றேன். சென்னையில் ஸ்கூட்டி ஓட்டியிருக்கிறேன். தொண்ணூறு கிலோவைப் பின்னால் வைத்து ஓட்டியதில்லை. வண்டியின் முன் சக்கரம் தரையில் நிற்க மனமில்லாமல் இருந்தது. மரவள்ளி ஏற்றிய டிராக்டர் எதிரே வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை, "இருக்கீங்களா?" என்று கத்துவேன். "இருக்கேங்க" என்று பின்னாலிருந்து பதில் வரும்.

பாதி வழியில் ஒரு மேட்டில் வண்டி இருமி நின்றுவிட்டது. அவர் காலை ஊன்றி இறங்கித் தள்ளப் போனார்.

"தொடாதீங்க! உட்காருங்க!" என்று நான் போட்ட கத்தலில் எதிர்க் கொல்லையில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்தார். நான் பின்னால் போய், அவரையும் சேர்த்து வண்டியை மேட்டில் தள்ள ஆரம்பித்தேன். தோள் எரிந்தது, காலணி சறுக்கியது. கொல்லையிலிருந்து ஒரு குரல்: "ஏய் செகரட்டரி, வெக்கமா இல்ல? பச்சப்புள்ளயத் தள்ள வுட்டுட்டு ராசா மாதிரி போறியே!" தங்கவேல் நேராகப் பார்த்தபடி கல்லாக இருந்தார். மேட்டின் உச்சிக்கு வந்து நான் ரோட்டில் மண்டியிட்டேன். அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்.

"பெட்ரோல் டேப்ப ரிசர்வுல திருப்புனா போவுங்க."

"இதை ஏன் கீழேயே சொல்லலை?"

"நீங்க கோச்சு. தள்ளுறீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

சிரிக்க வாய் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் கல் வைத்தபடி இந்த மனிதர் ஒரு மாதம் ஏன் ஓடினார் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அரூர் மருத்துவர் நடுவயதுப் பெண். ஈசிஜி தாளை நீட்டி நீட்டிப் பார்த்தார். "ஓடினீங்களா? இந்த வலியோடவா? யார் ஓடச் சொன்னது?"

தங்கவேல் படுக்கையிலிருந்தே என்னைக் காட்டினார். அதில் துளிக் குற்றச்சாட்டு இல்லை. பெருமைதான் இருந்தது. "இவங்கதாங்க. எங்க கோச்சு. மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க."

மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ஈசிஜியில் இப்போதைக்குப் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் இவர் சொல்லும் வலி நல்ல வலி இல்லை, திங்கட்கிழமை தர்மபுரியில் டிரெட்மில் பரிசோதனை செய்யவேண்டும், அதுவரை ஓட்டம், கேன் தூக்குவது, மொபெட் தள்ளுவது எதுவும் கூடாது என்றார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோமதி வந்து சேர்ந்தபோது இன்னும் ஓட்ட உடுப்பிலேயே இருந்தார். சுடிதார், விடுதியில் படிக்கும் மகளுடைய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மாத்திரைச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, முந்தானை முடிச்சு இல்லாத குறைக்கு அதை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்தால், கோமதி ஷூவைப் பார்த்தபடி நின்றிருந்தார். போகலாமா வேண்டாமா என்று அவருக்கும் தெரியவில்லை. தங்கவேல் உள்ளிருந்தபடியே, "போயிட்டு வாங்களேன், நான் என்ன ஓடியா போயிருவேன்?" என்றார். சொசைட்டிக்கு அன்று வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மலையின் படிப்பாதையில் கோமதி ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சின்னச் சின்ன அடி. கை ஆடவில்லை, தலை ஆடவில்லை. பரங்கிமலைப் படிகளில் நான் காட்டும் வீரமெல்லாம் முதல் திருப்பத்திலேயே தீர்ந்துபோனது. பாதி உயரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வழியை மறித்து உட்கார்ந்திருந்தது. நான் உறைந்துபோய் நின்றேன். கோமதி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நடுவிலேயே போனார்.

எனக்காகக் காத்து நின்ற இடத்தில் கேட்டேன்: "அவருக்காகவா இவ்வளவு நாள் ஓடினீங்க?"

"செவப்பு வந்தா மூஞ்சி சுருங்கிரும் அந்தாளுக்கு. சரி, ஒரு நாளு நாமளே போவலாம்னுதான் போனேன்." குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "நெசமாச் சொல்லட்டுமாங்க? அவருக்காக ஒரு வாரந்தான். அப்புறம் எனக்காகத்தான் போனேன். அந்த நேரத்துல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்க 'அருமை'ன்னு அனுப்புவீங்க. அத நான்தான் மொதல்ல படிப்பேன்."

இறக்கத்தில் பாறைகளைப் பிடித்துக்கொண்டேன். கீழே பார்க்காமல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் சட்டென்று நின்றார்.

"நான் மெதுவா ஓடியிருந்தா நீங்க அவருக்கு ஏத்தியிருக்க மாட்டீங்க, இல்லீங்களா?"

"கேட்காதது என் தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. சேர்வராயன் ஓட்டத்துக்கு நீங்கள் பெயர் கொடுக்கலாமே என்று வாய் வரை வந்தது. அதை முகத்தில் படித்துவிட்டாரோ என்னவோ, "திங்கக்கெழம போவட்டுங்க மொதல்ல" என்றார்.

இதை எழுதுவது ஞாயிறு மாலை, அவர்கள் வீட்டு வாசலில். கோமதி பால் கறந்து முடித்துவிட்டு வேர்க்கடலை வேகவைத்துத் தட்டில் கொட்டினார். தங்கவேல் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தபடி கேட்டார்.

"அந்த டிரெட்மில்லுக்கு எப்புடிங்க கோச்சு தயாராவறது? எத்தன நிமிசம் தாக்குப் புடிக்கணும்?"

"தாக்குப் பிடிக்கவே கூடாது. நெஞ்சு இறுக்க ஆரம்பிச்ச நொடியில வாய்விட்டுச் சொல்லணும். அவங்க பக்கத்துலயே நிப்பாங்க."

"சொல்லிருவேங்க."

"சொல்ல மாட்டாரு" என்றார் கோமதி. "மிஷினு மேல நின்னுகிட்டு 'ஒண்ணுமில்லீங்க'ன்னுதான் சொல்லுவாரு. போலீசு செலக்‌ஷன்ல சுளுக்குன காலோட ஓடி, கடைசி வரைக்கும் வாயத் தொறக்காம விழுந்த ஆளுங்க இது. கல்யாணத்துக்கு முந்தியே நடந்தது, இன்னும் மாறல."

அப்படியானால் பழகலாம் என்றேன். தங்கவேல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார். நான் மருத்துவராக எதிரில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்..." என்று ஆரம்பித்துவிட்டு, கோமதியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடலைத் தோலைப் பார்த்து, "இறுக்குதுங்க" என்றார், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில்.

"கேக்கல" என்றார் கோமதி.

"இறுக்குதுங்க டாக்டர்."

"இன்னும் சத்தமா."

ஆறு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை முகம் சிவந்துவிட்டது, ஆறாவதில் குரல் உடைந்தது. கோமதி எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

நாளை ஏழு மணிப் பேருந்தில் மூவரும் தர்மபுரி போகிறோம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி அவரை ஏற்றுவார்கள். பட்டை மெதுவாக நகரும், பிறகு மேடாகும். நானும் கோமதியும் கதவுக்கு வெளியே நிற்போம். இறுக்கினால் அவர் சொல்ல வேண்டும்.